254/450: ஒரு ஸ்கிரீன் பிரிண்டைப் பழைய ஃபிரேமிலிருந்து மீட்ட அனுபவம்

அமெரிக்கத் தெருக் கலைஞர் ஷெப்பர்ட் ஃபேரியின் ஸ்கிரீன் பிரிண்ட் ஒன்று போன மாதம் கைக்கு வந்தது. 18×24 அங்குலம். கிரீம் நிறத் தாள், உற்றுப் பார்த்தால் உள்ளே பொடிப் பொடியாக நார்த் துணுக்குகள் தெரியும். சிவப்பு, வெளிர்நீலம், கறுப்பு என மூன்று மை. வலது கீழ் ஓரத்தில் பென்சில் கையெழுத்து, இடது கீழ் ஓரத்தில் 254/450, அதாவது 450 பிரதிகளில் 254 என்று எண் போட்ட தாள். கிழக்கு லண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், வீடு மாறிப் போகிற ஒருவர் 90 பவுண்டுக்குக் கொடுத்தார்.

விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் கண்ணெதிரே இருந்தது. தாள் ஃபிரேமுக்குள்ளேயே அலை அலையாகப் புடைத்திருந்தது. படத்தைச் சுற்றி ஜன்னல் மாதிரி வெட்டி வைக்கிற மவுண்ட் அட்டையின் உள்விளிம்பில் பழுப்புக் கோடு. படத்தில் இருக்கும் பெண்ணின் கூந்தல் வருகிற பெரிய கறுப்புப் பரப்பு இரண்டு இடங்களில் கண்ணாடியைத் தொட்டு, நனைந்தது போல் பளபளத்தது. யாரோ ஒரு ஃபிரேம் கடைக்காரர் அவசரத்தில் செய்த வேலை. படத்தின்மேல் எனக்குக் கோபமில்லை, அதைக் கட்டிப்போட்ட விதத்தின்மேல்தான் கோபம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தெருக் கலைஞர்களின் பிரிண்ட்டுகளைப் பத்து வருடமாகச் சேர்க்கிறேன். எல்லாமே சிறிய விலையில் வந்தவை. கிழக்கு லண்டனின் பிரிக் லேன் பக்கம் நடக்கும்போது சுவரில் பசை போட்டு ஒட்டிய தாள்களைப் பார்த்துத்தான் இந்த ஆசை தொடங்கியது. அந்தத் தாள் மழையில் நனைந்து, மேலே இன்னொன்று ஒட்டப்பட்டு, மூன்று நான்கு மாதத்தில் உரிந்து போய்விடும். அதே கைகள் வரைந்து அச்சடித்த இன்னொரு தாளை வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியும் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

முதல் நாள், சனிக்கிழமை. சாப்பாட்டு மேசையைத் துடைத்து, பழைய பருத்தி வேட்டி ஒன்றை நான்காக மடித்து விரித்து, ஃபிரேமை முகம் கவிழ்த்து வைத்தேன். பின்பக்கத்துப் பழுப்புக் காகிதத்தைக் கத்தியால் கீறி எடுத்தேன். உள்ளே எம்.டி.எஃப் பலகை (மரநாரை அழுத்திச் செய்தது), அதைப் பிடித்திருந்த சின்னச் சின்ன உலோக நாக்குகள். அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பலகையைத் தூக்கியதும் மரத்தூள் வாசனை குப்பென்று வந்தது. அந்த வாசனை வந்தாலே அமிலம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். எம்.டி.எஃப், மலிவு மவுண்ட் அட்டை, சாதாரண அட்டைப்பெட்டிக் காகிதம் இவையெல்லாம் மரக்கூழில் செய்தவை. வருடக்கணக்கில் தாளோடு ஒட்டி இருந்தால் அமிலம் தாளுக்குள் இறங்கி அதைப் பழுப்பாக்கும், நொறுங்கவும் வைக்கும்.

உண்மையான குற்றவாளி அதற்கு அடியில் இருந்தது. பிரிண்ட்டின் மேல்விளிம்பு முழுவதும் இடைவெளியே இல்லாமல் மாஸ்கிங் டேப், கீழே இரண்டு மூலையிலும் இரண்டு துண்டு. தாள் ஈரத்தில் விரியும், வறட்சியில் சுருங்கும். லண்டனில் குளிர்காலம் ஹீட்டரோடு வறண்டிருக்கும், மற்ற மாதங்களில் காற்றில் ஈரம். இப்படி மேலேயும் கீழேயும் கட்டிப்போட்டால் தாள் விரிய இடமில்லாமல் நடுவில் புடைக்கும். அப்படிப் புடைத்த வயிறுதான் கண்ணாடியைத் தொட்டு ஒட்டியிருந்தது.

கண்ணாடியிலிருந்து பிரிப்பதுதான் முழு வேலையிலும் எனக்குப் பயமாக இருந்த கட்டம். இழுக்கவில்லை. கண்ணாடியோடு சேர்த்துத் திருப்பி, தாளின் ஒரு மூலையை மட்டும் லேசாகத் தூக்கி, அதன் எடையே அதைப் பிரிக்கும்படி பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு இடம் தானாக வந்துவிட்டது. இன்னொரு இடம் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டது. கண்ணாடியில் மை இல்லை. ஆனால் கறுப்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பளபளப்பு தங்கிவிட்டது. அதை நான் தொடவில்லை. மேட் கறுப்பை, அதாவது பளபளப்பில்லாத கறுப்பை, மறுபடி மேட் ஆக்குகிறேன் என்று தேய்த்தால் பளபளப்பு இன்னும் பரவும். பெயின்ட் வைத்து மறைத்தால் அது என் கைவேலையாகிவிடும், ஃபேரியின் பிரிண்ட்டாக இருக்காது.

அன்று மாலை வேறு எதுவும் செய்யவில்லை. லென்ஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாங்கும்போது ஏமாறாமல் இருப்பதும் இதில்தான் இருக்கிறது. ஸ்கிரீன் பிரிண்டிங் நமக்குப் புதிதல்ல. ஜவுளிக் கடையின் பெயர் போட்ட மஞ்சப்பை, கல்யாணப் பத்திரிகை, திருப்பூர் பனியனில் இருக்கும் படம், எல்லாம் அதே முறைதான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை. அதன்மேல் வெளிச்சம் பட்டால் இறுகுகிற எமல்ஷன் பூச்சு. படம் வரவேண்டிய இடத்தில் வெளிச்சம் படாமல் மறைத்து, மற்ற இடத்தை இறுகவிட்டுக் கழுவினால், படம் மட்டும் திறந்த வலையாக நிற்கும். மையை ஊற்றி ஸ்குவீஜியால் (ரப்பர் விளிம்பு வைத்த கட்டை) இழுத்தால் அந்தத் திறப்பின் வழியே மை தாளில் இறங்கும். ஒரு நிறத்துக்கு ஒரு வலை. மூன்று நிறம், 450 பிரதி என்றால், கெட்டுப்போவதைச் சேர்க்காமலே 1,350 முறை ஸ்குவீஜி ஓட வேண்டும்.

ஆகவே மை தாளுக்குள் ஊறிவிடாமல் மேலே ஒரு தோலாக உட்கார்ந்திருக்கும். டார்ச்சைத் தாளின் பக்கவாட்டில், மேசை மட்டத்தில் வைத்து அடித்தால் அந்தத் தோலின் விளிம்பு மெல்லிய படி போலத் தெரியும். சிவப்பின்மேல் கறுப்பு ஏறுகிற இடத்தில் இரண்டாவது படி. 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் நிறம் ஒரே சீராக இருக்கும். ஆஃப்செட் போஸ்டரில் அப்படி இருக்காது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் பூவிதழ் மாதிரி சேர்ந்து நிறத்தைக் காட்டும். இங்க்ஜெட் என்றால் விளிம்பில் பொடி தெளித்தது போல இருக்கும். என் தாளில் புள்ளிகளே இல்லை. கறுப்புக் கோட்டுக்கு வெளியே ஓரிடத்தில் தலைமுடி அளவுக்குச் சிவப்பு எட்டிப் பார்த்தது. இரண்டாவது வலை ஒரு இழை நகர்ந்திருக்கிறது. அதைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. 254ஆவது தாளை ஒருவர் கையால் வைத்து எடுத்திருக்கிறார் என்பதற்கு அந்தச் சிவப்பு இழையே சாட்சி.

பென்சில் கையெழுத்தையும் அப்படியே பார்க்க வேண்டும். தாளைச் சாய்த்தால் கிராஃபைட் மின்னும், எழுதிய அழுத்தம் தாளில் மெல்லிய பள்ளமாக இருக்கும். அச்சடித்த கையெழுத்தில் இரண்டும் இருக்காது. அப்புறம் எண்ணைப் பற்றி ஒன்று. 1/450 என்பது முதலில் அடித்த தாள் என்று நினைத்துச் சிலர் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். நிறம் மாற்றி மாற்றி அடித்து, காயவைத்து, அடுக்கி, கடைசியில்தான் எண் போடுகிறார்கள். அடித்த வரிசைக்கும் எண்ணுக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் எண்ணைவிடத் தாளின் நிலைக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

பேங்க்ஸி என்ற பெயரில் இயங்கும் பிரிட்டிஷ் தெருக் கலைஞரின் பிரிண்ட் என்றால் இந்தச் சோதனையெல்லாம் போதாது. 'பலூனுடன் சிறுமி' 2004இல் வந்தபோது கையெழுத்தோடு 150, கையெழுத்து இல்லாமல் 600. பிக்சர்ஸ் ஆன் வால்ஸ் என்ற நிறுவனம் வெளியிட்டது. சாதாரண ஆட்கள் வாங்கக்கூடிய விலையில் பிரிண்ட் விற்றவர்கள் அவர்கள். இன்று அந்தத் தாளை, பேங்க்ஸியின் படைப்புகளுக்குச் சான்று தருகிற பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனத்தின் சான்றிதழ் இல்லாமல் யாரும் தொடமாட்டார்கள். அந்தச் சான்றிதழில் டயானாவின் முகம் போட்ட பேங்க்ஸியின் பத்துப் பவுண்டு நோட்டைக் கிழித்துப் பாதியைக் குத்தி வைத்திருப்பார்கள். மறுபாதி அவர்களிடம் இருக்கும். இரண்டு கிழிசலும் பொருந்தினால்தான் உண்மை. ஒரு கலைஞரின் குணம் அவருடைய சான்றிதழில்கூட இருக்கிறதே என்று அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

ஞாயிறு, டேப். மாஸ்கிங் டேப் பழசாகும்போது அதன் பசை மஞ்சளாகி தாளுக்குள் இறங்கும். பிறகு அதன் மேல்தாள் காய்ந்து உரிய, பசை மட்டும் பிசுபிசுப்பாகத் தங்கும். என்னுடையது இரண்டுக்கும் நடுவில் இருந்தது. முதலில் ஒரு பழைய இசை நிகழ்ச்சிப் போஸ்டரில் அதே டேப்பை ஒட்டிப் பார்த்து ஒத்திகை எடுத்தேன். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, அரை நிமிடம் காட்ட வேண்டும். தட்டையான மெல்லிய உலோகக் கரண்டியை அடியில் நுழைத்து, டேப்பை மேலே தூக்காமல், தன்மேலேயே மடித்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும். ஒரு அங்குலத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும். 18 அங்குல விளிம்புக்கு ஒன்றரை மணி நேரம்.

பதினான்காவது அங்குலத்தில் பொறுமை இழந்து கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டேன். டேப்போடு தாளின் மேல்தோல் ஒரு துவரம்பருப்பு அளவுக்கு உரிந்து வந்தது. பின்பக்கம்தான், முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் மனது கஷ்டமாக இருந்தது. கையை மேசையில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் காபி போட்டுக் குடித்தேன். மிச்சம் நான்கு அங்குலத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

தங்கிய பசையைக் கிரேப் ரப்பரால் (பசையை ஒட்டி எடுக்கும் ரப்பர் கட்டி) ஒற்றி ஒற்றி உருட்டி எடுத்தேன். மஞ்சள் கறை அப்படியே இருக்கிறது. அதை எடுக்கக் கரைப்பான்கள் உண்டு, ப்ளீச் முறைகளும் உண்டு. அது முறையாகப் படித்த காகிதப் பாதுகாப்பு வல்லுநர் செய்ய வேண்டிய வேலை. மவுண்ட் விளிம்பின் பழுப்புக் கோட்டுக்கும் அதேதான். இன்னும் கறுக்காமல் நிறுத்துவதோடு என் வேலை முடிந்தது.

அடுத்தது ஈரம். தாளின் புடைப்பை எடுக்க ஈரம் வேண்டும், ஆனால் மை என்ன சொல்லும் என்று தெரியாமல் ஈரம் காட்டக் கூடாது. மதுரையில் என் சித்தப்பா முப்பது வருடம் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தவர். கல்யாணப் பத்திரிகையில் தொடங்கி துணிப்பை வரை அவர் கை படாதது இல்லை. வீடியோ காலில் தாளைக் காட்டினேன். கறுப்பைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்.

"நல்லா இழுத்திருக்கான்டா. மேடு பள்ளமே இல்ல. தண்ணி மையா ஆயில் மையான்னு பாத்தியா?"

"தெரியல சித்தப்பா."

"எதுவா இருந்தாலும் இத்தன வருசத்துல இறுகியிருக்கும். ஆனா நீ அத நம்பாத. பஞ்ச நனைச்சுப் பிழிஞ்சு, ஓரத்துல ஒரு புள்ளி மட்டும் ஒத்திப் பாரு. மூணு நெறத்துக்கும் தனித்தனியாப் பாரு. ஒண்ணுக்குப் பாத்துட்டு விட்ராத."

காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்து, துணியில் ஒற்றி, மூன்று நிறத்தின் ஓரத்திலும் ஒவ்வொரு புள்ளி. பஞ்சில் நிறம் ஏறவில்லை. சரி, போகலாம்.

ஈரப்பெட்டிக்குப் பெரிய செலவில்லை. மூடியுள்ள ஆழமான பிளாஸ்டிக் பெட்டி, 18×24 தாள் படுக்கிற அளவில். அடியில் நனைத்துப் பிழிந்த ஒற்றுத்தாள், அதன்மேல் இரண்டு அங்குலம் உயரத்தில் பிளாஸ்டிக் வலை, வலைமேல் மெல்லிய பாலியஸ்டர் துணி, அதன்மேல் பிரிண்ட், முகம் மேலே. தண்ணீர் எங்கும் தாளைத் தொடாது, காற்றில் உள்ள ஈரம் மட்டும் போகும். ஒத்திகைக்குப் பழைய போஸ்டரை உள்ளே வைத்தபோது ஒன்று கற்றுக்கொண்டேன். அரை மணியில் மூடியின் உட்புறம் வேர்த்து ஒரு சொட்டு விழுந்தது, போஸ்டரில் வட்டக் கறை. பிரிண்ட்டை வைக்கும் முன் மூடியின் உட்புறத்திலும் காய்ந்த ஒற்றுத்தாளை ஒட்டிவிட்டேன். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.

நாற்பத்தைந்து நிமிடம். எடுத்தபோது தாள் துவைத்துக் காயப்போட்டு, பாதி காய்ந்த பருத்திச் சட்டை மாதிரி கையில் குழைந்தது. பாலியஸ்டர் துணி, ஒற்றுத்தாள், பலகை என்று இரண்டு பக்கமும் அடுக்கி, மேலே 10 கிலோ பொன்னி அரிசி மூட்டை. தமிழர்கள் நிறைய வாழ்கிற லண்டனின் ஈஸ்ட் ஹாமில் குடியிருப்பதில் இந்த வசதி உண்டு, எடைக்குப் பஞ்சமில்லை. மூட்டையைப் பலகை முழுவதும் பரப்பி வைத்தால் அழுத்தம் சமமாக விழும், புத்தகத்தைவிட நல்லது. அரை மணியில் ஒற்றுத்தாளை மாற்றினேன், பிறகு இரண்டு மணி நேரத்தில், பிறகு படுக்கும் முன், பிறகு தினம் ஒரு முறை. ஒரு வாரம். இரண்டாம் நாளே தட்டையாகத் தெரிந்தது. எடுத்துவிடத் தோன்றும். எடுக்கக் கூடாது. உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் வெளியே வந்ததும் திரும்பச் சுருளும்.

அந்த வாரத்தில் பசை காய்ச்சினேன். இதைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன்.

ஊரில் சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் வாளியில் மைதாவைக் கரைத்துக் காய்ச்சுவார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கொஞ்சம் போடுவார்கள். விடியற்காலையில் சைக்கிளில் வாளி தொங்க, துடைப்பம் மாதிரியான பிரஷ்ஷோடு வந்து, சுவரில் ஒரு வீச்சு, போஸ்டரை விரித்து மேலே இன்னொரு வீச்சு. லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் தெருக் கலைஞர்கள் ஒட்டுவதும் இதே மாவுப் பசையில்தான். ஃபேரியும் 1989இல் மல்யுத்த வீரர் ஆன்ட்ரே தி ஜயன்ட்டின் முகம் போட்ட ஸ்டிக்கரில் தொடங்கி, பிறகு பெரிய தாள்களைச் சுவரில் இப்படித்தான் ஒட்டினார். அருங்காட்சியகங்களில் பிரிண்ட்டைத் தாங்குவதும் கோதுமைப் பசை என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட நெருக்கத்தைச் சொல்லித் தீராது.

ஒரே ஒரு வித்தியாசம். மைதாவில் குளூட்டன் என்கிற கோதுமைப் புரதம் இருக்கிறது. அது ஒட்டும் வலிமையைக் கூட்டும், கூடவே காலப்போக்கில் மஞ்சளாகும், பூச்சியைக் கூப்பிடும். சுவருக்கு அது போதும், வேண்டியதும் அதுதான். பிரிண்ட்டுக்குக் குளூட்டனை நீக்கிய தூய கோதுமை மாவுச்சத்து. கலைப்பொருள் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும். ஒரு பங்கு மாவுச்சத்து, ஐந்து பங்கு தண்ணீர். அரை மணி நேரம் ஊறவைத்து, மிகக் குறைந்த தீயில், கரண்டியை எடுக்காமல் கிண்ட வேண்டும். முதலில் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். பத்தாவது நிமிடம் திடீரென்று இறுகும். விடாமல் கிண்டினால் வெள்ளை போய், வடித்த கஞ்சி ஆறினது போலக் கண்ணாடித்தன்மை வரும். இருபத்தைந்து நிமிடத்தில் இறக்கி, ஆறவிட்டு, மெல்லிய வடிகட்டியில் மூன்று முறை அழுத்தித் தேய்த்தேன். கட்டி ஒன்றுகூட இருக்கக் கூடாது. கடைசியில் சில துளி தண்ணீர் சேர்த்து, கடைந்த தயிர்ப் பதம். மயில்துத்தமோ வேறு மருந்தோ எதுவும் சேர்க்கவில்லை, வேண்டியபோது புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம்.

முதலில் நான் உரித்துவிட்ட அந்தப் பருப்பளவு இடத்துக்கு மெல்லிய ஜப்பானியத் தாளில் ஒரு ஒட்டு. அப்புறம் கீல்கள், அதாவது பிரிண்ட்டை அட்டையில் தொங்கவிடும் காகிதப் பட்டைகள். கோசோ என்கிற ஜப்பானிய நார்த்தாளில் 3 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டு. கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. ஈரத் தூரிகையால் கோடு போட்டுக் கையால் பிரித்தால் விளிம்பில் நார் பூனைமயிர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்தான் பிடிக்கும், முன்பக்கம் மேடு தெரியாமலும் இருக்கும். பிரிண்ட்டின் பின்னால், மேல்விளிம்பில், 5 மில்லிமீட்டர் மட்டும் பசையில் உட்கார வேண்டும். மீதி மேலே நீட்டி அமிலமில்லாத பருத்தி அட்டையில் தங்கும். அதன் குறுக்கே இன்னொரு துண்டு, ஆங்கில டி எழுத்து மாதிரி. கீல் எப்போதும் தாளைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும். ஃபிரேம் கீழே விழுந்தால் கிழிய வேண்டியது கீல், பிரிண்ட் அல்ல.

18×24 தாள் முழுவதையும் தாங்குவது இந்த இரண்டு துண்டுதான். கீழேயும் பக்கத்திலும் ஒன்றும் கிடையாது. தாள் தொங்குகிறது, அவ்வளவே. ஈரம் வந்தால் கீழ்நோக்கி விரியும், போனால் சுருங்கும், யாரும் தடுக்க மாட்டார்கள்.

ஃபிரேம் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மரச்சட்டம் நல்ல மரம், அதையே சுத்தம் செய்து வைத்துக்கொண்டேன். கண்ணாடிக்குப் பதில் புற ஊதாக் கதிரை வடிகட்டும் அக்ரிலிக். பருத்தி மவுண்ட்டின் ஜன்னலைத் தாளைவிட நான்கு பக்கமும் 1 சென்டிமீட்டர் பெரிதாக வெட்டினேன். தாளின் விளிம்பு, எண், கையெழுத்து எல்லாம் முழுசாகத் தெரியும். மவுண்ட்டுக்கும் அக்ரிலிக்குக்கும் நடுவில் சட்டத்தின் உள்விளிம்பைச் சுற்றி இடைவெளி விடுகிற மெல்லிய ஸ்பேசர் பட்டை, மை இனி எதையும் தொடாது. அக்ரிலிக்கும் பொருள்களும் சேர்ந்து 64 பவுண்டு ஆனது. பிரிண்ட்டின் விலையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு. எனக்கு அது கூடுதலாகத் தோன்றவில்லை.

பத்தாம் நாள் மாலை நடுச்சுவரில் மாட்டினேன். வெளிச்சுவரில் ஈரம் இறங்கும், ஹீட்டருக்கு மேலே சூடு அடிக்கும், ஜன்னலுக்கு எதிரே வெயில் விழும். மிச்சமிருந்தது அந்த ஒரு சுவர்தான். சித்தப்பாவுக்குப் போட்டோ அனுப்பினேன். "நகத்தளவு பளபளப்ப விட்டுட்டியே" என்று கேட்டார். விட்டுவிட்டேன் என்றேன். "அதுவும் சரிதான்" என்றார்.

மாட்டும் முன் பின்பலகையில் பென்சிலால் எழுதி வைத்தேன்: மேலே இரண்டு கீல், கோதுமை மாவுச்சத்துப் பசை, ஈரப்பஞ்சு ஐந்து நிமிடம் வைத்தால் விட்டுவிடும்.